துளசிக்கு அடியில் மூஞ்சூறு

எங்கள் அத்தை ஆராய்ச்சி செய்தது மூஞ்சூறுகளை. பிள்ளையாருக்கு வாகனம் என்று கும்பிடப்பட்டு, வீட்டுக்குள் வந்தால் துடைப்பத்தால் அடி வாங்கும் அதே பிராணிதான். கடற்கரை மூஞ்சூறுக்கும் மலை மூஞ்சூறுக்கும் உடம்பு ஏன் வேறுபடுகிறது என்பது அவள் கேள்வி.

"பல்லைப் பார்த்தா என்ன தின்னுதுன்னு தெரியும், காலைப் பார்த்தா எங்கே ஓடித்துன்னு தெரியும். ஒரே வம்சம்தான். எடம் மாறினா ஒடம்பே மாறிப்போறது, கேட்டியா" என்பாள். எனக்கு அப்போது எட்டு வயது. பேய்க்கதை கேட்பதுபோல் வாய் பிளந்து கேட்பேன்.

கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் இருந்துகொண்டு எலும்பைப் படிப்பது லேசான காரியமில்லை. அப்பா முதலிலேயே தங்கையிடம் சொல்லிவிட்டார்: "படி, வேண்டாங்கல. ஆனா ஒரு எலும்பு இந்தாத்துப் படி ஏறித்துன்னா, அன்னியோட ஆராய்ச்சி மதி." மலையாளம் கலந்த எங்கள் பேச்சில் மதி என்றால் போதும், நிறுத்து என்று அர்த்தம். சொன்னால் சொன்னதுதான் அப்பா. அத்தையின் ஜாதகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மேலே வைத்தும் இருந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் கல்லாற்றுக்கு மேலே மலைப்பாதையோரம் செத்துக் கிடந்த ஒரு மூஞ்சூறு அத்தைக்குக் கிடைத்தது. மலையிலிருந்து முழு உடம்பாகக் கிடைத்தது அது ஒன்றுதான். மற்றவையெல்லாம் வண்டி ஏறி நசுங்கியவை. அது இல்லையென்றால் கடைசி அத்தியாயம் இல்லை, பட்டமும் இல்லை. எலும்பு சுத்தமாக வேண்டுமானால் உடம்பை மண்ணில் புதைத்து எறும்புக்கும் புழுவுக்கும் விட்டுவிட வேண்டும். அவளுடைய ஆய்வுக்கூடம் மூன்றாம் மாடியில் இருந்தது. அங்கே பிடி மண் கிடையாது. ஆகவே கொசுவலைத் துண்டில் பொட்டலமாகக் கட்டி, எங்கள் மொட்டை மாடித் தொட்டி ஒன்றில் புதைத்தாள். சாட்சி நான். வெளியே சொல்லக்கூடாதென்று பிள்ளையார்மேல் சத்தியம் வேறு வாங்கினாள். அவர் வாகனத்தைப் புதைத்துவிட்டு அவர்மேலேயே சத்தியம் செய்ய எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

அத்தை மறுபடி கல்லாற்றுக்குப் போயிருந்தபோது அப்பா சாப்பாட்டின் நடுவே அறிவித்தார். மழைக்கு முன்னால் மொட்டை மாடி ஒழுகலை அடைக்க நாளைக்கு ஆள் வருகிறது, மேலே இருக்கிற தொட்டி சட்டியெல்லாம் குப்பைக்கு. அன்று மாலை பார்த்தால் அம்மா அத்தனை தொட்டிகளையும் விட்டுவிட்டு அந்த ஒரு தொட்டியை முற்றத்துக்கு இறக்கி, துளசி நட்டு, கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். காக்கை போட்ட மீன் முள்ளுக்காக முற்றத்தையே மூன்று தடவை அலம்பியவள் அம்மா.

திரும்பி வந்த அத்தை முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டாள். நட்ட துளசியை எங்கள் வீட்டில் யாரும் பிடுங்க முடியாது. மறுநாளிலிருந்து, கோவிலில்கூடக் கை கூப்பாத அத்தை காலையில் குளித்துவிட்டுத் துளசியைச் சுற்ற ஆரம்பித்தாள், தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல். அப்பாவுக்கு ஆனந்தம். தங்கைக்குப் புத்தி வந்துவிட்டதாம். துளசியும் அந்த வருஷம் மதமதவென்று வளர்ந்தது. அதற்குத் தன் மந்திரம்தான் காரணம் என்றார்.

ஓணம் கழிந்ததும் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஒருநாள் காலை அத்தை பழைய இரும்புக் கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"இன்னிக்கு எடுத்தே தீருவேன். அண்ணா கேட்டா நேரா சொல்லிடறேன். என்ன வேணா ஆகட்டும். இத்தனை வருஷத்து வேலையை மண்ணுல விட்டுட்டு நான் போக மாட்டேன்" என்றாள் என்னிடம். முற்றத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அத்தை அவர் எதிரில் போய் நின்று வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"துளசிக்குத் தொட்டி போறல்லே. வேரு முட்டிண்டு நிக்கறது. பெரிய தொட்டிக்கு மாத்தணும். கன்னிப்பொண்ணு மாத்தினா விசேஷம். அந்த நேரம் புருஷா பார்க்கப்படாது. வாங்கோ, நாம கோவிலுக்குப் போயிட்டு வருவோம்."

அப்படி ஒரு சாஸ்திரம் எங்கேயும் கிடையாது. ஆனால் தனக்குத் தெரியாத சாஸ்திரம் ஒன்று உண்டு என்று அப்பா ஒப்புக்கொண்டதும் கிடையாது. "ஆமாமாம்" என்று எழுந்து போய்விட்டார்.

அத்தை துளசியை வேர்மண்ணோடு தூக்கினாள். பொட்டலம் நசுங்கியிருக்கும் என்று பயந்தபடியே விரலால் மண்ணைத் தள்ளினாள். கீழே ஒரு சிரட்டை கவிழ்ந்து கிடந்தது, கண் திறந்த தேங்காய்ச் சிரட்டை. வேரெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. எடுத்துப் பார்த்தால் உள்ளே கொசுவலைப் பொட்டலம் கட்டியது கட்டியபடி. எறும்புகள் தங்கள் வேலையை முடித்திருந்தன. அரிசி நுனியளவுப் பற்கள் ஒன்றுகூட உதிரவில்லை.

"சிரட்டை நீ வெச்சியா அத்தை?" என்று கேட்டேன். அத்தை இல்லையென்று தலையை ஆட்டினாள். சேற்றுக் கையோடு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அம்மா கோவிலிலிருந்து வந்ததும் அத்தை அவள் காலில் விழுந்தாள். "மன்னி, மன்னி" என்றாள். துளசியின் மகிமை என்றார் அப்பா. "மதி, எழுந்திரு. மொதல்ல கையை சோப்புப் போட்டு அலம்பு" என்றாள் அம்மா.

அத்தையின் ஆராய்ச்சியைத் தெரியாமல் கெடுக்கப் பார்த்தவள் என்று நான் அம்மாமேல் அந்த மழைக்காலம் முழுக்கக் கோபமாக இருந்தேன். மண்ணைக் கிளறாமல் யாரும் செடி நடுவதில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. அப்பா கைவைக்கத் துணியாத தொட்டி அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்பதும், அதைத்தான் அம்மா அன்று மாலை கோலம் போட்டு உண்டாக்கினாள் என்பதும் எட்டு வயதில் எனக்குப் புரியவில்லை.