கடைசிப் பத்து நிமிடம்

அப்பா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். முப்பத்தொரு வருடம். டிப்போவில் அவருக்குக் கழுகு என்று பெயர். டிக்கெட் எடுக்காதவன் யார் என்று கழுத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

வீட்டில் அவருக்குப் பிடித்ததெல்லாம் ஏமாற்றுக்காரர்கள். பழைய கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படங்களில் வருகிறவர்கள். மாடியே இல்லாத ஹோட்டலுக்கு லிஃப்ட் விற்பவன். ஒரே நாளில் மூன்று வீட்டில் மாப்பிள்ளையாக விருந்து சாப்பிடுபவன். சனிக்கிழமை மாலை வாடகைக் கேசட்டோடு வருவார்.

"பாருடி, எப்படி உழைக்கிறான். நம்ம பஸ்ல வர்றவனுங்களுக்குத் தூங்கற மாதிரி நடிக்கக்கூடத் துப்பில்ல. இமை ஆடுது."

படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுந்து நிறுத்திவிடுவார். ஒவ்வொரு படத்தையும்.

"போலீஸ் வர்ற நேரமாச்சு. மாட்டிக்கிட்டவன் மூஞ்சிய தினமும் பாக்கறேன். லீவு நாள்லயும் பாக்கணுமா?"

அம்மாவும், "போதும் போதும்" என்று எழுந்துபோவாள். பாதிப் படங்களின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பா இறந்து ஐந்து வாரம். அம்மா பேசுவதில்லை. 'ம்', 'வேண்டாம்', 'வெச்சுட்டுப் போ'. அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையோடு என் விடுப்பு முடிகிறது. இப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. என்னோடு வா என்றால் சுவரைப் பார்க்கிறாள்.

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. அளவுக் கருவிகளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. அதனால் வெள்ளிக்கிழமை பரணிலிருந்து பழைய வீடியோ பெட்டியை இறக்கினேன். உள்ளே ரப்பர் பெல்ட் அறுந்திருந்தது. மாற்றினேன். வாடகைக் கடையை மூடியபோது அப்பா விலைக்கு வாங்கிய ஒரே கேசட் உள்ளேயே இருந்தது. லிஃப்ட் விற்பவன்.

பெட்டியைச் சுற்றியிருந்த துணிக்குள் ஒரு சின்ன நோட்டு. அப்பாவின் கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் படங்களின் பெயர்கள், எதிரே இரண்டு எண்கள். லிஃப்ட் படத்துக்கு, 'சனி 3412. திங்கள் 3396.' டேப் எதுவரை ஓடியது என்று பெட்டியின் முகப்பில் தெரியும் எண் அது. ஒவ்வொரு வரி முடிவிலும் நீலப் பென்சிலில் ஒரு குறி.

சனிக்கிழமை நிறுத்திய டேப் திங்கட்கிழமை ஏன் வேறு எண்ணில் நிற்கிறது? பெட்டியின் கோளாறு என்று முதலில் நினைத்தேன். கோளாறென்றால் ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். இங்கே இரண்டாவது எண் எப்போதும் குறைவு. இது இயந்திரத்தின் பிழையில்லை. யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் மத்தியானம் படத்தைப் போட்டேன். சத்தம் கேட்டு அம்மா வந்து கதவோரம் உட்கார்ந்தாள். 3412 வந்ததும் பழக்கத்தில் என் கை பொத்தானுக்குப் போனது.

"நிறுத்தாதே."

திரும்பிப் பார்த்தேன். "போலீஸ் வந்துடும்மா."

"வராது. அவன் மாட்டவே மாட்டான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

அம்மா கதவோரத்திலிருந்து திரைக்கு அருகே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"திங்கக்கிழமை அவர் வேலைக்கு, நீ பள்ளிக்கூடத்துக்கு. நீங்க போனதும் மிச்சத்தைப் பாத்துடுவேன். அப்புறம் அவர் விட்ட நம்பருக்கே சுத்தி வெச்சுடுவேன். எல்லாப் படமும் அப்படித்தான். பாதிப் படத்துல ஒருத்தனும் மாட்டல. இவர்தான் பயந்துக்கிட்டு நிறுத்தினாரு. சொல்லியிருக்கலாம். சொன்னா நான் மாட்டிக்குவேனே. ஆஸ்பத்திரியில கடைசி நாள்கூட நினைச்சேன். வாய் வரல."

ஐந்து வாரமாக அவள் விழுங்கிக்கொண்டிருந்தது இதைத்தான்.

படத்தை நிறுத்தி நோட்டைக் கொண்டுவந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் விளக்கினேன்.

"நீ சுத்தறப்போ ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பின்னால போயிடுது. பதினாறு, பன்னெண்டு, இருபது. ஒரு தடவைகூடச் சரியா நிக்கல. கேசட்டைத் திருப்பிக் குடுக்க எடுக்கறப்போ அப்பா பாத்திருக்காரு."

அம்மா ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். விரல் நீலக் குறியில் நின்றது.

"இது என்ன தெரியுமா?"

"தெரியல."

"டிக்கெட் சரியா இருந்தா அவர் போடற குறி."

முதலில் இருமல் என்றுதான் நினைத்தேன். சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"கழுகு. தெரிஞ்சும் வாயே தொறக்கல பாரு. முடிவு என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா அவரும் மாட்டிக்குவாரேம்மா."

மிச்சத்தைப் பார்த்தோம். போலீஸ் வரவில்லை. லிஃப்ட் வாங்கிவிட்டோமே என்று ஹோட்டல்காரர் மாடி கட்ட ஆரம்பிக்கிறார். திறப்பு விழாவுக்கு ஏமாற்றியவனையே கூப்பிடுகிறார்.

"பசிக்குதுடி" என்றாள் அம்மா. சமையலறைக்குப் போகிற வழியில் நின்றாள். "நீ நாளைக்குக் கிளம்பு. நான் அடுத்த மாசம் வரேன். இந்தப் பெட்டியையும் தூக்கிட்டு வரேன்."

"தனியாவா?"

"டிக்கெட் எடுத்துட்டுத்தான் வருவேன். பயப்படாதே."