மாப்பிள்ளை சொன்ன "ரெண்டு"

என் தங்கை புருஷன் பொய் சொல்ல மாட்டார். ஊரே இதைப் பெருமையாகப் பேசும். இத்தனை வருஷமாக இரண்டு வீட்டுப் பொய்யையும் ஒற்றை ஆளாக நான் சுமக்கிறேனே, அதை எவன் பேசுகிறான்? பிறந்த குழந்தையைக் காட்டி "யாரு ஜாடை?" என்று கேட்டால், "இன்னும் யாரு ஜாடையும் வரல" என்பார். நான்தான் பாய்ந்து போய் "அப்படியே அப்பா!" என்று சமாளிக்க வேண்டும்.

அவர் பெயர்ப்பலகை அச்சடிக்கிறார். அதற்கு இரும்புச் சட்டம் அடிப்பது பக்கத்துப் பட்டறையில் நான்.

அன்று காலை என் தங்கை தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து "எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். மனுஷன் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடி வந்துவிட்டார்.

வந்த இடத்தில் அடுத்த கண்டம். கரண்ட் ஏறி இறங்கியதில் கம்ப்யூட்டரின் மதர்போர்டு புகைந்துபோயிருந்தது. மெக்கானிக் புதுசு மாட்டிவிட்டுப் போனார். ஆனால் எழுத்து வடிவமைக்கும் சாப்ட்வேர் திறக்கவில்லை. 'இது வேறு கம்ப்யூட்டர், உரிமத்தை மறுபடி உறுதி செய்யவும்' என்று ஒரு போன் நம்பரைக் காட்டியது. மறுநாள் காலை பல் டாக்டருக்குத் திறப்பு விழா. நான் மாட்டிய சட்டம் பலகையில்லாமல், பல் போன வாய் மாதிரி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த டாக்டர் கைவிட்டுப் போனால் அந்தத் தெருவின் வேலை முழுவதும் போய்விடும்.

போன் போட்டார். பதிவு செய்த பெண் குரல். அது கேட்ட நம்பரையெல்லாம் மாப்பிள்ளை "அம்மா, அம்மா" என்று மரியாதையாகப் படித்தார். கடைசியில் குரல் கேட்டது: "இந்த சாப்ட்வேர் எத்தனை கம்ப்யூட்டரில் இருக்கிறது?"

"ரெண்டும்மா."

"மன்னிக்கவும். உங்கள் உரிமம் ஒன்றுக்கு மட்டுமே." வைத்துவிட்டது.

"எங்கய்யா ரெண்டு?" என்று கேட்டேன்.

"புகைஞ்சுபோன பழைய மதர்போர்டு அலமாரியில இருக்கே மச்சான். அதுக்கும்தானே உரிமம் கொடுத்திருந்தாங்க?"

"அது செத்துப்போச்சு மாப்ளை! செத்தவன ஓட்டுப் போடக் கூப்பிடுவாங்களா?"

"சில ஊர்ல கூப்பிடுறாங்களே."

"போனைக் கொடுங்க, நான் சொல்றேன்."

"உரிமம் என் பேர்ல. பொய் உங்க வாயில வந்தாலும் பாவம் எனக்குத்தான்."

இந்த மனுஷனிடம் பேசுவதற்கு இரும்பிடம் பேசலாம். போர்டைப் பிடுங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கட்டிங் மெஷினில் வைத்து இரண்டாக அறுத்துக் கொண்டுவந்து போட்டேன்.

அவர் முகம் வெளிறியது. "இப்ப மூணுன்னு சொல்லணுமா?"

திரும்பப் போனேன். தூள் தூளாகும்வரை அரைத்தேன். தூளைக் குப்பைத்தொட்டியில் கொட்டி, தொட்டியையே தூக்கிக் காட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி போன் போட்டார். குரல் கேட்டதும் எழுந்து நின்று, மந்திரி பதவி ஏற்பதுபோல, "ஒண்ணு!" என்றார்.

சாப்ட்வேர் திறந்துகொண்டது. இருட்டுவதற்குள் பலகை ஏறிவிட்டது. டாக்டர் தன் பல் எல்லாம் தெரியச் சிரித்தார்.

கடையைப் பூட்டும்போது மாப்பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"மச்சான், ஒரே ஒரு உதவி. நீங்க முன்னாடி போய், முடி ரொம்ப நல்லா இருக்குன்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க. நான் பின்னாலேயே வந்து தலையை மட்டும் ஆட்டிக்கிறேன்."