செருப்போடு இறங்கக் கூடாது

ஒரகடத்தில் வெளிநாட்டு அதிகாரிகள் தங்கும் விடுதியில் நீச்சல் குளம் பராமரித்தேன். உப்பிலிருந்தே குளோரின் தயாரிக்கும் மெஷின் வந்ததும், "இனிமே ஆசிட் எதுக்குய்யா?" என்று மேனேஜர் நிறுத்திவிட்டான். மெஷின் ஓட ஓடத் தண்ணீரில் காரத்தன்மை ஏறும்; அதை அடக்கத்தான் ஆசிட் என்பது அந்த மேதாவிக்குத் தெரியாது. தரையெல்லாம் சுண்ணாம்பு படிந்து சொரசொரத்தது. ஓர் அதிகாரியின் மகளுக்கு முழங்கால் சிராய்த்துவிட்டது.

உடனே தண்ணீரை வடித்து, ஆசிட் போட்டுத் தேய்க்க மண்ணூரிலிருந்து வரும் துப்புரவு அக்காவை இறக்கினான்.

"செருப்போட எறங்கக் கூடாதுன்னு போர்டு கீதே, கண்ணு தெரியல?"

அக்கா கழற்றி வைத்தார். நான் ஆசிட் வாளியை நீட்டினேன்.

சாயங்காலம் அவன் தரையைத் தடவி, "சூப்பர், வழவழன்னு கீது" என்றான். அக்காவின் செருப்பை நான் எடுத்துக் கொடுத்தேன். வீங்கிய காலில் அது நுழையவில்லை.