மூன்று நிறத்தில் ஒரு வெட்டுக்கிளி

பழவேற்காட்டு ஜமுனாவுக்கு இருபத்திரண்டு வருடமாக மீன் ஷெட்டில் இறால் பிரிக்கிற வேலை. ஒரே இறால் சேற்றில் கிடந்தால் கறுக்கும், மணலில் கிடந்தால் வெளுக்கும். அதனால் அவள் நிறத்தை நம்புவதில்லை. தலைமுள்ளைத் தடவித்தான் இனம் சொல்வாள்.

2024 ஜனவரியில் ஷெட் வாரத்துக்கு இரண்டு நாள்தான் திறந்தது. பூச்சிக் கணக்கெடுப்புக்கு வந்த இளங்கோவன் மூன்று மாதத்துக்கு வெட்டுக்கிளி பிடித்துத்தர ஆள் தேடினார். ஜமுனா உடனே சேர்ந்துகொண்டாள். பெட்டிகளுக்குச் சீட்டு எழுதுவது என் வேலை.

23ஆம் தேதி, செவ்வாய், காலை 9.10. திருப்பாலைவனத்து வயல்வரப்பில் மூன்று பெட்டிகளைத் திறந்தோம். நெல்லில் பிடித்தது பச்சை, ஏரிக்கரைப் புல்லில் பிடித்தது வைக்கோல் நிறம், எரித்த நிலத்தில் பிடித்தது சாம்பல்.

"மூணு எடம், மூணு இனம். எழுதுங்க" என்றார் இளங்கோவன்.

"மூணும் ஒண்ணுதான் சார். தொடைக்கு உள்பக்கம் பாருங்க, மூணுக்கும் அதே ரெண்டு கறுப்புப் பட்டை. கலரு தரைக்கு ஏத்த மாதிரி மாறும்."

"இது இறால் இல்லம்மா. இனம் தெரியாதவங்களை வச்சிக்கிட்டு நான் அறிக்கை குடுக்க முடியாது. திங்கக்கிழமை பொன்னேரிலேர்ந்து வேற ஆளு வருவாரு."

ஜமுனா வரப்பிலிருந்து இறங்கினாள். பாதி அறுத்த வயலோரம் குனிந்து நடந்தவள், சட்டென்று கையைக் காட்டி எங்களை அழைத்தாள். புல்தாளில் பெரிய பச்சைப் பெண் ஒன்று. அதன் முதுகில், உப்புமூட்டை ஏறியதுபோல், வைக்கோல் நிற ஆண்.

"இன்னா சார், நீங்க வேற வேற இனம்னு சொன்னத இதுங்களுக்கு யாரும் சொல்லலியா?"

இளங்கோவன் வானத்தைப் பார்த்தார். "ரெண்டையும் பிரிச்சுப் பெட்டில போடுங்க."

"ஐயோ பாவம்! உங்க முதலிரவுல ஒருத்தன் பெட்டியோட வந்து நின்னா?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலம்மா."

"அதான் அடையாளம் தெரில."

காத்திருந்தோம். "எத்தினி நிமிஷம், பெரியவரே?" என்று நடுவில் இரண்டு முறை என்னைக் கேட்டாள். மொத்தம் முப்பத்துநான்கு. ஆண் இறங்கியதும் இரண்டையும் அவளே பிடித்து நீட்டினாள். இளங்கோவன் லென்ஸ் வைத்து இரண்டின் தொடைகளையும், பெட்டியிலிருந்த சாம்பல் நிறத்தின் தொடையையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு மூன்று சீட்டையும் கிழித்து, ஒரே பெயரை எழுதச் சொன்னார்.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு ஏரிக்கரைக்கு வந்துடுங்கம்மா" என்றார், என்னைப் பார்த்தபடி.

"நான் வந்துடுவேன் சார். பொன்னேரி ஆளுக்கு ஒரு போன் போட்டுடுங்க. பாவம், பஸ்ஸு ஏறிடப்போறாரு."