ரேடியோவின் முதுகில் கரண்ட்

எங்கள் கடையில் ரேடியோ என்றால் பழுது பார்க்க வந்த பெட்டி இல்லை, என் கூட்டாளி. வாயை மூடவே மாட்டான், அதனால் அந்தப் பேர். பெயின்டராக இருந்தவன். சாரம் சரிந்து விழுந்ததில் முதுகுத்தண்டு போயிற்று. நான் லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்தவன். இருவருக்கும் இடுப்புக்கு மேல் உடம்பு தானாக நிற்காது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு கையை மேசையில் ஊன்றியே ஆகவேண்டும். மிக்ஸி வந்தால் அவன் ஒரு கையால் பிடிப்பான், நான் ஒரு கையால் திருகுவேன். இரண்டு ஆளுக்கு ஒரு ஜோடி கை. கடை அப்படித்தான் ஓடியது.

முதுகுத்தோலில் பட்டை ஒட்டி, லேசாகக் கரண்ட் விட்டு ஆளை நிமிர்த்திப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உட்கார்ந்தே கிடந்ததில் எனக்குப் பின்பக்கம் புண். "முதல்ல அது ஆறட்டும்" என்று டாக்டரம்மா திருப்பி அனுப்பிவிட்டார். அவனைச் சேர்த்துக்கொண்டார்.

பயிற்சியெல்லாம் முடிந்து, இடுப்பில் கரண்ட் விடுகிற சின்னப் பெட்டியோடு கடைக்கு வந்தான். சுவிட்சைப் போட்டு, மேசையிலிருந்து கையை எடுத்தான். விழவில்லை. போட்டோ எடுக்க உட்கார்ந்தவன் மாதிரி விறைப்பாக இருந்தான்.

"பார்த்தியாடா! ரெண்டு கையும் சும்மா இருக்கு!"

"வாயும் சும்மா இருந்தா நல்லாயிருக்கும்."

ஒரு மிக்ஸியை அவனே பிடித்து அவனே கழற்றினான். அதைக் கொண்டுவந்த அம்மா என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க மேற்பார்வையா?" என்று வேறு கேட்டாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் முதுகு களைத்துப் பெட்டியை அணைத்தான். அப்படியே மேசைமேல் சரிந்து கையை ஊன்றினான். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

"என்ன, கரண்ட் கட்டா?"

அவன் சிரிக்கவில்லை. "மத்தியானம் குப்புறப் படுடான்னா கேக்க மாட்டேங்குற. நாள் முழுக்க உக்காந்திருந்தா புண்ணு எப்படி ஆறும்? ஆறாம உன்னை எப்படிச் சேர்ப்பாங்க?"

"நான் படுத்துட்டா கடையை யாரு பாக்குறது?"

"நான்தான்."

அதுதான் சுருக்கென்று குத்தியது. நான் இல்லாமலே கடை ஓடுமாம். திட்ட வாயெடுத்தேன். ஆனால் அவன் சொன்னதில் பிசகு இல்லையே.

இப்போது மத்தியானமானால் பின்னறைக் கட்டிலில் குப்புறக் கிடக்கிறேன். புண் ஓரம் காய்ந்து வருவதாக வீட்டுக்காரி சொல்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் ஒருவனே திருகிக்கொண்டு, வருகிறவர்களிடம் கதையளக்கிறான். நேற்று ஒரு திருகாணி தரையில் விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. குனிந்து எடுக்கிற அளவுக்கு அந்தப் பெட்டிக்குத் தெம்பு கிடையாது.

"தேடு, நல்லாத் தேடு!" என்று படுத்தபடியே கத்தினேன்.