பிரிண்டரின் நெற்றி

இரும்புலியூர் வீட்டில் எங்கள் பிரிண்டரைப் பார்க்க வந்த மெக்கானிக்கின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒல்லியாக, உயரமாக இருப்பார். சட்டைப் பையில் ஒரு டார்ச், ஒரு பழைய டூத் பிரஷ். எந்த மெஷினையும் அவர் 'அது' என்று சொல்லமாட்டார்.

அன்று ஆயுத பூஜைக்கு மறுநாள். மறைமலை நகர் கம்பெனி ஒன்றில் அடுத்த நாள் காலை என் மனைவிக்கு இன்டர்வியூ. பயோடேட்டா பிரிண்ட் ஆகவில்லை. வெளியே எடுக்கலாம் என்றால் கடைகளுக்கெல்லாம் லீவு. காலையிலிருந்து நான் கம்ப்யூட்டரில் செட்டிங்கை மாற்றியும் ரூட்டரை அணைத்துப் போட்டும் சலித்திருந்தேன்.

"செட்டிங் எல்லாம் கரெக்ட்தான் சார். இவருக்குத்தான் சேதி வந்து சேரல" என்றவர், பிரிண்டரைத் திருப்பி நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி டார்ச் அடித்தார். கேபிள் சொருகும் ஓட்டைக்குள் சந்தனம் காய்ந்து கிடந்தது.

"பூஜைக்கு ஒயரெல்லாம் கழட்டித் துடைச்சு, நாலு பக்கமும் பொட்டு வெச்சேன்" என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல்.

பிரஷ்ஷால் சுரண்டி எடுத்துவிட்டுக் கேபிளைச் சொருகினார். காலையிலிருந்து நான் அனுப்பிய பயோடேட்டாக்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

கிளம்பும்போது மனைவியிடம் சிரிக்காமல் சொன்னார்: "அடுத்த வருஷம் இவருக்கு நெத்தியில மட்டும் வைங்கக்கா. போதும்."

அவளும் சரியென்று தலையாட்டினாள்.

அடுத்த ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு பிரிண்டர் முன்னால் வெகுநேரம் நின்றாள். "ஏங்க, இவருக்கு நெத்தி எது?"

எனக்கும் பிடிபடவில்லை. அவர் சொன்னபோது எங்கள் இரண்டு பேருக்குமே தெளிவாகத்தான் இருந்தது.