கேமரன் மலை: விமானப் பாதைக்குக் கீழே ஓடும் எங்கள் ஆறு

பாப்பா, உன்னுடைய பயணப் பக்கத்தில் இந்தத் தடவை அம்மா எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

வாசிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தை நடத்தியவள் என் மகள். போன வருஷம், இருபத்தாறு வயதில், டெங்கிக் காய்ச்சலில் போய்விட்டாள். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவள். அவள் மாதிரி எழுத வராது. ஆனால் பஸ் எத்தனை மணிக்கு, காசு எவ்வளவு என்று அவள் ஒன்றுவிடாமல் எழுதுவாள். அதை நானும் எழுதுகிறேன்.

நான் பிறந்தது கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைத் தாண்டி, கோலா தெர்லா பாதையிலிருந்து உள்ளே போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில். கல்யாணம் ஆகிக் கிள்ளானுக்கு வந்தேன். தோட்டத்து மேட்டில் சின்ன விமானங்கள் இறங்குகிற பழைய ஓடுபாதை ஒன்று இருக்கிறது. அதை நீட்டிப் பெரிதாக்கப் போகிறார்கள், சனிக்கிழமை ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறார்கள் என்று அண்ணன் போனில் சொன்னார். ஓடுபாதை நீளப்போகிற பக்கம் பள்ளம். பள்ளத்தில் எங்கள் ஆறு. மகளின் சாம்பலை அந்த ஆற்றில்தான் கரைத்தேன். கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது மலைக்கு எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். பள்ளி விடுமுறை விட்டால் அவள் விழுந்து கிடந்தது அந்த ஆற்றில்தான் என்று சொன்னேன். பள்ளத்தை நிரப்பி அந்த ஆற்றை மூட விடக்கூடாது. அதற்குத்தான் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குக் கோலாலம்பூரில் பஸ். தானா ராத்தாவரை நாற்பது ரிங்கிட். நாலரை மணி நேரம் என்றார்கள், ஐந்தரை ஆனது. தாப்பாவுக்குப் பிறகு வளைவுதான். வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டு கேட்டு வாங்குங்கள், ஆசாம் போய் என்கிற புளிப்புப் பழ வற்றல் ஒரு பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். ரிங்லெட்டுக்குப் பக்கத்தில் அணைக்கட்டு ஏரி தெரியும். முதல் தடவை போகிறவர்கள் போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள். நான் தண்ணீரின் நிறத்தைத்தான் பார்த்தேன். பால் அதிகம் ஊற்றிய தேநீர் மாதிரி இருந்தது. மேலே எங்கே மண்ணை வெட்டினாலும் அது கடைசியில் கீழேதான் வந்து படுக்கிறது.

தானா ராத்தாவில் டாக்சி. ஐம்பது ரிங்கிட் கேட்டார், நாற்பத்தைந்துக்கு ஒத்துக்கொண்டார். ஓட்டுநர் நம் தமிழ்ப் பையன்தான்.

“ஏர்போர்ட் வந்தா நமக்கு நல்லதுதானேலா அக்கா. ஆளுங்க வருவாங்க.”

“பிளேன்ல வர்றவன் உன் ஓட்டக் கெரெத்தாவுலயா ஏறுவான்?”

“ஏன்க்கா, போன மாசம்தான் ஏர்கண்ட் ரிப்பேர் பண்ணேன்.”

“கேமரன் மலையில ஏர்கண்ட் எதுக்குப்பா?”

சிரித்தார். பிரிஞ்சாங்கைத் தாண்டி, காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் வரிசையாக வந்தன. மலையை நேராக வெட்டிவிட்ட ஓர் இடத்தில் வேகத்தைக் குறைத்தார். “மழை பேஞ்சா இந்த எடத்துல ஒரு கண்ண மேல வச்சிக்கிட்டுதான் ஓட்டுவேன்” என்றார்.

அண்ணன் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். மாரியம்மன் கோயில் திருவிழாவில் கரகம் தூக்குகிறவரும் அவர்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கரகத்தை எங்கள் தோட்டத்தில் கோயிலில் வைத்துச் செய்ய மாட்டார்கள். விரதம் இருந்து ஆற்றங்கரைக்குப் போய், குடத்தில் ஓடுகிற தண்ணீரை மொண்டு, வேப்பிலையும் பூவும் கட்டி, அங்கேதான் அம்மனை அழைப்பார்கள். அதற்குக் கரகம் பாலிப்பது என்று பெயர். பிறகு வழியில் எங்கும் இறக்காமல் தலையிலேயே கோயிலுக்குக் கொண்டுவருவார்கள்.

சாயங்காலம் அண்ணனோடு ஆற்றுக்குப் போனேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து தேயிலைக்கு நடுவே பதினைந்து நிமிஷ நடை. தண்ணீர் இன்னும் தெளிவாகத்தான் இருந்தது, கல் தெரிந்தது. கரையில் உட்கார்ந்தேன். அண்ணன் நின்றுகொண்டே இருந்தார்.

“நாளைக்கு நீ சும்மா இரு” என்றார். “என் பையனுக்கு ஏர்போர்ட்டுல வேல போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு வருஷமா வீட்டுல கெடக்கிறான்.”

“ஆறு போயிருமே அண்ணே.”

“ஆறு எங்க போவுது? கான்கிரீட் பைப்புக்குள்ள விடுறாங்க. மேல மண்ணு போட்டு நிரப்புறாங்க. இந்த மலைய நாம வெட்டலயா? கோசு போடுறவன் வெட்டல, பூ போடுறவன் வெட்டல? இவன் வெட்டுனா மட்டும் குத்தமா?”

அவர் சொன்னது பொய் இல்லை.

“மத்தவங்க என்ன சொல்றாங்க?”

“எல்லாரும் மொதல்ல கேட்டது கோயிலத்தான். கோயிலத் தொடமாட்டோம்னு மேனேஜர் துரை வந்து வரைபடத்துல காட்டிட்டாரு. அதோட எல்லாரும் எந்திரிச்சு வந்துட்டோம். கோயில் வாசல்ல புது தண்ணிப் பைப்பும் போட்டுத் தர்றாங்களாம்.”

“அப்ப அடுத்த வருஷம் கரகத்த எங்க பாலிப்ப? பைப்படியிலயா?”

அண்ணன் சிரித்தார்.

“வாளிய வச்சுப் புடிச்சிக்கிட்டு நிப்பியா? வரிசையில முன்னாடி யாராச்சும் துணி அலசிக்கிட்டு இருந்தா?”

இரண்டாவது தடவை அவர் சிரிக்கவில்லை. குனிந்து தண்ணீரில் கைவைத்தார். அவ்வளவு பேரும் கோயிலைக் கேட்டார்கள், ஆற்றைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்கும்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம், பாலாய் ராயா என்கிற ஊர்ப் பொது மண்டபத்தில். வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்த மலாய்ப் பெண், அத்தை என்கிற மாதிரி மாக்சிக் என்று கூப்பிட்டு, மரியாதையாகத்தான் கேட்டாள்: “மாக்சிக் இங்கேதான் குடியிருக்கிறீர்களா?” கிள்ளான் என்றேன். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, உட்காரலாம், ஆனால் இங்கே முகவரி உள்ளவர்கள்தான் பேசலாம் என்றாள். இரவெல்லாம் பேச வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதை விழுங்கிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

அதிகாரி திரையில் படம் காட்டினார். சுற்றுலா வளரும், காய்கறி சீக்கிரம் சிங்கப்பூர் போகும் என்றார். கேள்வி உண்டா என்று கேட்டார். அப்போது அண்ணன் எழுந்தார். மலாயில் பேசினார்.

“கோயிலைத் தொடவில்லை என்றீர்கள், நன்றி. ஆனால் எங்கள் அம்மன் திருவிழாவுக்கு வருவது அந்த ஆற்றிலிருந்து. பாதையை நீட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆற்றை மூடாமல் எப்படி நீட்டுவீர்கள், அதைச் சொல்லுங்கள்.”

அவர் உட்கார்ந்ததும் கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர் எழுந்து, மண் வெட்டுகிற காலத்தில் லயத்துக்கு வருகிற தண்ணீர் என்ன நிறத்தில் வரும் என்று கேட்டார். ஒரு சீன விவசாயி, நிரப்பிய மண் மழையில் சரிந்தால் கீழே உள்ள என் தோட்டத்துக்கு யார் பொறுப்பு என்றார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். இன்னொரு கூட்டம் வைக்கிறோம், அதற்கு முன்னால் இந்த வட்டாரத்தில் இருப்பவர்கள் எழுத்திலும் ஆட்சேபணை தரலாம் என்றார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நான் எழுத மாட்டேன். அன்றைக்கு ஒன்றும் நிற்கவில்லை. சும்மா தலையாட்டிவிட்டு வரவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் மகன் மத்தியானம் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டார்.

அண்ணன் சொன்னார்: “கிள்ளான்ல உக்காந்துக்கிட்டு பஸ் ஏறி வந்து என்னச் சண்டைக்கு விடுறியா? பேசணும்னா இங்க வந்து இரு. நீயே எந்திரிச்சுப் பேசு.”

“பின்னாடி ரூம் சும்மாதான் கெடக்கு, வந்துரு புள்ள” என்றார் அண்ணி.

போக நினைப்பவர்களுக்கு: வார இறுதியில் போகாதீர்கள். பிரிஞ்சாங் இரவுச் சந்தைக்கு வருகிற வண்டிகளால் திரும்பி வரும்போது மூன்று கிலோமீட்டர் தாண்ட எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. மத்தியானத்துக்குப் பிறகு மழை வரும், குளிர்சட்டை வேண்டும். தோட்டத்துக்குள் போவதாக இருந்தால் ஆபீசில் கேட்டுவிட்டுப் போங்கள், லயத்து வீடுகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஆறு எதையாவது பார்த்தால் மேலே நிமிர்ந்து, அது எந்த மலையிலிருந்து வருகிறது, அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். அந்த ஊர்க்காரர்கள் கேட்க மறந்ததாக இருக்கலாம்.

நான் முடிவு செய்துவிட்டேன் பாப்பா. மாதக் கடைசியில் மலைக்குப் போகிறேன். அடையாள அட்டையில் முகவரியை மாற்றிக்கொண்டு அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து பேசுவேன். ஆனால் கிள்ளான் வீடு வாடகை வீடு, பூட்டி வைத்துக்கொள்ள முடியாது. அண்ணன் வீட்டுப் பின்னறையில் ஒரு கட்டிலும் ஓர் அலமாரியும்தான் கொள்ளும். உன் அறையில் நீ வைத்தது வைத்தபடி இருக்கிறது. அதில் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு வரட்டும், எதை விட்டுவிட்டு வரட்டும்?